செகண்ட் ஹேண்ட் போன்: 'வைஃபையை ஸ்கிப் பண்ணுங்க' என்றால் கையை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்த வாரமும், பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் நீலகிரியில் பழைய செல்போன் அதிகம் கைமாறும் காலம். உதகை, குன்னூர் கடைகளில் புது போன் அடுக்கின் ஓரத்திலேயே 'செகண்ட்ஸ்' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் மைசூரிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் வரும் சரக்கு கடைக்கே போகாமல் டீக்கடை பெஞ்சிலேயே விலை பேசி முடிந்துவிடும். வாங்குவதில் தவறில்லை. பன்னிரண்டாயிரத்துக்குப் புதிதாக வாங்கும் மட்டமான போனைவிட, அதே விலைக்கு நல்ல கம்பெனியின் இரண்டு வருடம் பழகிய போன் பல வகையில் மேல். ஆனால் வாங்குகிறவர்கள் பார்ப்பது டிஸ்ப்ளேவில் கீறல், பேட்டரி நிற்குமா, கேமரா தெளிவா என்ற மூன்றைத்தான். யாருடைய போன் இது என்று கேட்பவர் அபூர்வம்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறொன்றுக்குப் பயப்படுகிறார்கள்: உள்ளே உளவு பார்க்கிற ஆப் எதையாவது போட்டு வைத்திருப்பார்களோ என்று. சாதாரணமாக ஒருவர் நிறுவுகிற எந்த ஆப்பும் முறையான ஃபேக்டரி ரீசெட்டில் போய்விடும். ரீசெட்டுக்கு அசையாதவை நான்கு: ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணும் அதன் மேல் உள்ள புகாரும், முந்தைய உரிமையாளரின் அக்கவுண்ட் பூட்டு, கடன் கொடுத்த நிறுவனமோ வேலை கொடுத்த நிறுவனமோ போட்ட பூட்டு, யாரோ மாற்றி எழுதிய மென்பொருள். பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிற வழக்குகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். இவற்றைக் கண்டுபிடிக்கத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரைமணி நேரமும், இன்டர்நெட் உள்ள இன்னொரு போனும் போதும்.

முதலில் ஐஎம்இஐ. டயல் செய்யும் இடத்தில் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். வண்டிக்கு சேஸ் நம்பர் எப்படியோ அப்படி. திரையில் வந்ததை செட்டிங்ஸ், அபவுட் போன் பகுதியில் உள்ளதோடும், பெட்டி ஸ்டிக்கரோடும், பில்லோடும் ஒப்பிடுங்கள். பெட்டி மட்டும் பொருந்துவதை நம்ப வேண்டாம். காலிப் பெட்டியும் ஸ்டிக்கரும் தனியாகவே அச்சாகி விற்கின்றன. திரை எண்ணும் பில் எண்ணும் வேறாக இருந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்டவும் வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்றினால் எண் மாறும். ஆனால் அதற்கு ஜாப் ஷீட் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாள் இல்லை என்றால் போன் வேண்டாம். எண்ணுக்குப் பதில் வெறும் பூஜ்ஜியங்கள் வருவது, அல்லது வைஃபை பட்டியலில் 'என்விராம் வார்னிங்' என்று ஒரு விசித்திரமான பெயர் தெரிவது (இது மீடியாடெக் சிப் போன்களில்), யாரோ தாறுமாறாக ஃப்ளாஷ் செய்ததில் (மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றியதில்) அந்தப் போனின் அடையாளத் தகவல் அழிந்துவிட்டதற்கான அறிகுறி.

அடுத்தது, அந்த எண்ணை அரசின் பட்டியலில் தேடுவது. எஸ்எம்எஸ் பகுதியில் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று பெரிய எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்கத்தையும் அடித்து 14422 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் திறந்த சஞ்சார் சாத்தி தளத்திலும், பிறகு வந்த அதன் ஆப்பிலும் இதே வசதி இருக்கிறது. பதிலில் கம்பெனியும் மாடலும் வரும். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற மூன்றில் எது வந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எண் சரி என்று வந்தாலும் மாடலைப் படியுங்கள். கையில் இருப்பது சாம்சங், பதிலில் வருவது வேறு கம்பெனியின் பட்டன் போன் என்றால், எங்கோ குப்பையில் கிடந்த போனின் எண்ணை இதில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண்ணையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு, அது நம் மலையில் பெரிதாகவே தெரியும். பட்டியலில் ஏறுவது புகார் கொடுத்த பிறகுதான். கோடை சீசனில் தாவரவியல் பூங்காவிலோ பைக்காராவிலோ போனைத் தொலைத்த சுற்றுலாப் பயணி, குடும்பத்தோடு வந்த இடத்தில் போலீஸ் ஸ்டேஷன் ஏறமாட்டார். சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பி, அதே நம்பரில் மாற்று சிம் வாங்கி, புகார் நகலை இணைத்து முடக்கக் கோரிக்கை கொடுப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். கோரிக்கை கொடுத்தால் 24 மணி நேரத்தில் போன் முடங்கும். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் 14422 'சரி' என்றுதான் சொல்லும். ஏப்ரல், மே மாதங்களில் பில் இல்லாமல், பாதி விலைக்கு, விலை உயர்ந்த போன் வந்தால் இதை நினைவில் வையுங்கள். வாங்கி ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்தும் அதே எஸ்எம்எஸ்ஸை மறுபடி அனுப்பிப் பார்ப்பது நல்லது.

முடக்கப்பட்ட போனில் வைஃபை ஓடும், பாட்டுக் கேட்கலாம், எந்த கம்பெனி சிம்மும் வேலை செய்யாது. அதில் சிம் போட்ட விவரம் காவல்துறைக்குப் போகும். அந்த சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதல் அழைப்பு வரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப இடமிருந்தோ வைத்திருப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. இருபதாயிரம் பெறும் போனை பில் இல்லாமல் நாலாயிரத்துக்கு வாங்கினால், 'நம்ப இடமிருந்தது' என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வேறு என்ன வேண்டும்? இந்த நேரத்தில், "ஐஎம்இஐ மாத்திக் கொடுத்துடலாம்ணா, ஐநூறு ரூபாய்தான்" என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023, 42ஆம் பிரிவின்படி அந்த எண்ணைத் திருத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐம்பது லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்திய எண் என்று தெரிந்தே போனை வைத்திருப்பதும் அதே பிரிவில் குற்றம்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். விற்கிறவர் காட்டும்போது போன் பளிச்சென்று, முகப்புத் திரையில், ஒரு போட்டோகூட இல்லாமல் இருக்கும். ரீசெட் செய்து வைத்திருக்கிறார் என்று நினைப்போம். அது முறையாகத் துடைக்கப்பட்டதா, பூட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்ததா என்று அந்தத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் உங்கள் கண் முன்னால் மறுபடி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

முறை முக்கியம். விற்பவர் முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் தன் கூகுள் அக்கவுண்டை நீக்க வேண்டும். சாம்சங் என்றால் சாம்சங் அக்கவுண்ட், ரெட்மி, போக்கோ என்றால் ஷாவ்மி அக்கவுண்டையும் அவரே பாஸ்வேர்டு போட்டு வெளியேற்ற வேண்டும். பிறகு ஸ்கிரீன் லாக்கை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி ரீசெட் கொடுக்க வேண்டும். போனை அணைத்து, வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்திச் செய்கிற ரிகவரி ரீசெட்டை ஏற்காதீர்கள். பின் நம்பரோ பாஸ்வேர்டோ தெரியாதவன் செய்யக்கூடிய ரீசெட் அதுதான். திருடியவனுக்குத் தெரிந்த வழியும் அதுதான். கூகுள் 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் கொண்டுவந்த எஃப்ஆர்பி பூட்டு இதற்காகவே இருக்கிறது: ரிகவரியில் ரீசெட் செய்தால் போன் எழுந்தவுடன் பழைய கூகுள் அக்கவுண்டையோ பழைய பின் நம்பரையோ கேட்கும். அக்கவுண்ட் தகவல் ரீசெட்டில் அழியாத தனிப் பகுதியில் எழுதப்பட்டிருப்பதுதான் காரணம்.

ரீசெட் முடிந்து மொழி கேட்கும் திரை வந்ததும் போனை உங்கள் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வருவது வைஃபை திரை. உங்கள் சொந்த போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் இணையுங்கள். கீழே ஓரத்தில் 'ஸ்கிப்' அல்லது 'செட்டப் ஆஃப்லைன்' என்று ஒரு வரி இருக்கும். விற்பவரின் விரல் அங்கே போகிறதா என்று கவனியுங்கள். "இங்க டவர் சரியா எடுக்காதுங்க, ஸ்கிப் பண்ணிட்டு வீட்ல போய் ஜிமெயில் போட்டுக்கங்க" என்பது நீலகிரியில் யாரும் நம்பக்கூடிய வாக்கியம். கீழ்கோத்தகிரி பள்ளத்திலும் மஞ்சூர் வளைவிலும் டவர் எடுக்காது என்பது உண்மைதான். அதனால்தான் அந்தச் சாக்கு இங்கே செல்லுபடியாகிறது. டவர் எடுக்கிற பேருந்து நிலையத்துக்கு வாருங்கள், அங்கே பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

இன்டர்நெட் ஏன் இவ்வளவு முக்கியம்? நிறுவனம் போட்ட பூட்டு பெரும்பாலும் போனுக்குள் இருப்பதில்லை. ஐஎம்இஐ அல்லது சீரியல் எண்ணோடு சேர்ந்து சர்வரில் இருக்கிறது. ரீசெட் ஆன போன் முதன்முதலில் நெட்டைப் பிடிக்கும்போது தன் எண்ணைச் சொல்லி, 'நான் யாருடையவன்' என்று கேட்கிறது. அப்போதுதான் 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது' என்ற திரையோ, கடன் நிறுவனத்தின் பெயரோ வந்து நிற்கும். நெட் இல்லாமல் செட்டப் செய்தால் கேள்வியே எழாது. போன் சமர்த்தாக முகப்புக்கு வந்துவிடும். வீட்டில் போய் நெட் போட்ட அன்று இரவு பூட்டிக்கொள்ளும். ஆகவே நெட்டோடு செட்டப் செய்து, உங்கள் ஜிமெயில் போட்டு உள்ளே போய், கால் மணி நேரம் அப்படியே நெட்டில் விட்டு, ஒருமுறை அணைத்து ஏற்றி, அதற்குப் பிறகு பணம் கொடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் டிஸ்ப்ளே, ஸ்பீக்கர், மைக் எல்லாம் பார்த்துவிடலாம். சாம்சங் என்றால் *#0#* அல்ல, *#0*#. ரெட்மி என்றால் *#*#6484#*#*. இந்த இரண்டும் கம்பெனியே வைத்திருக்கும் சோதனைத் திரைகளைத் திறக்கும்.

எஃப்ஆர்பி பூட்டைச் சுற்றிப் போக டூல்கள் இருக்கின்றன, சந்தையில் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி உடைத்த போன் இன்று ஓடும். நாளை நீங்களே ஒரு ரீசெட் செய்தால் பழைய அக்கவுண்டை மறுபடி கேட்கக்கூடும். ஆண்ட்ராய்டு 15இல் இருந்து இந்தப் பூட்டு இன்னும் கெட்டி. செட்டப் திரையைத் தாண்டிக் குதித்தாலும் பூட்டு விலகாது. 'எஃப்ஆர்பி எடுத்துக் கொடுக்கிறோம்' என்று சொல்கிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்வதாக நினைக்காதீர்கள். பாஸ்வேர்டு மறந்த உண்மையான சொந்தக்காரர் பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்; அந்த வழி திறந்தே இருக்கிறது.

இஎம்ஐ போன்கள் தனி ரகம். முன்பணம் இல்லாமல் தவணையில் வாங்கி, இரண்டு தவணை கட்டி, பிறகு பாதி விலைக்குத் தள்ளிவிடுவது நடக்கிறது. வாங்குகிற அன்று எல்லாம் சுத்தமாக இருக்கும், நெட் போட்டாலும் ஒன்றும் வராது; ஏனென்றால் தவணைத் தேதி இன்னும் தவறவில்லை. தேதி தவறியதும் கடன் நிறுவனம் சர்வரில் இருந்து பூட்டிவிடக்கூடும். சாம்சங்கில் இதற்கென்றே நாக்ஸ் கார்டு (காவல் என்ற பொருளில் 'கார்டு') என்ற ஏற்பாடு இருக்கிறது. ரீசெட் செய்தாலும் போகாது. மற்ற கம்பெனி போன்களில் ஒரு லாக் ஆப்பாக உட்கார்ந்திருக்கும்: செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடித் திறந்தால், அணைக்க முடியாமல் மங்கலாக ஒரு பெயர் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி பில்தான். பில்லில் ஏதாவது ஒரு ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசி கேளுங்கள். 'பில் தொலைஞ்சு போச்சு' என்கிற ஒரு வருடத்துக்குள்ளான போன்கள் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐபோனுக்கு இதே கதைதான், பெயர்கள் வேறு. 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்த ஆக்டிவேஷன் லாக், ரீசெட் செய்தபின் 'உரிமையாளருக்குப் பூட்டப்பட்டது' என்று காட்டும். விற்பவர் 'ஃபைண்ட் மை'யை அணைத்து ஆப்பிள் அக்கவுண்டில் (முன்பு ஆப்பிள் ஐடி) இருந்து வெளியேறிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற திரை வந்தால் அது ஏதோ ஐடி கம்பெனி கொடுத்த போன். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட்டில் மாடல் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் ரீஃபர்பிஷ்டு, என் என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. 'புதுசு, பெட்டி பிரிக்கல' என்று சொல்லி எஃப் இருந்தால் மீதிப் பேச்சையும் அதே தராசில் எடை போடுங்கள். ஐபோன் 12, அதற்குப் பிந்தையவற்றில் டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா மாற்றியிருந்தால் அதே பக்கத்தில் பாகங்களின் வரலாறாகத் தெரியும். அமெரிக்காவில் இருந்து வந்த ஐபோன் 14, அதற்குப் பிந்தைய போன்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். தெரியாமல் வாங்கிவிட்டு சிம் ட்ரேயைத் தேடுகிறவர்கள் உண்டு.

நான்காவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது, அதனால் அதிகம் கவனிக்க வேண்டியது. போன் டெட் ஆகிவிட்டால் ஃப்ளாஷ் செய்வார்கள். கம்பெனியின் அசல் ஃபைலைப் போட்டால் பிரச்சினை இல்லை. டெலிகிராம் குழுவில் கிடைத்த ஏதோ ஒரு ஃபைலைப் போட்டால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. 2019இல் பரவிய எக்ஸ்ஹெல்பர் என்ற தீநிரல் சிஸ்டம் பகுதிக்குள் தன்னை எழுதிக்கொண்டு, ரீசெட் செய்தாலும் திரும்பத் திரும்ப முளைத்தது. 2016இல் அடையாளம் காணப்பட்ட டிரையாடா என்ற இன்னொரு தீநிரல், 2025இல் பிரபல மாடல்களின் போலி போன்களில் ஃபர்ம்வேருக்குள்ளேயே (போனோடு வரும் அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே) வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இப்படிப்பட்ட போனில் வங்கி சிம்மைப் போட்டால் ஓடிபி எஸ்எம்எஸ் உங்களுக்கு முன்னால் அதற்குப் போய்விடும்.

இதைப் பிடிக்க இரண்டு இடம். போனை அணைத்து ஏற்றும்போது முதல் ஐந்தாறு வினாடி கண்ணை எடுக்காதீர்கள். கம்பெனி பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஆரஞ்சு ஸ்டேட்' என்றோ, திறந்த பூட்டின் படமோ, பூட்லோடர் (போனை எழுப்பும் முதல் மென்பொருள்) அன்லாக் ஆகியிருக்கிறது என்ற எச்சரிக்கையோ வந்தால் அந்தப் போனின் முதல் கதவு திறந்து கிடக்கிறது. விற்பவர்கள் இந்த நேரத்தில்தான் பேச்சுக் கொடுப்பார்கள். அடுத்து, பிளே ஸ்டோரில் வலது மேல் மூலைப் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ், அபவுட் பகுதிக்குப் போனால் 'பிளே ப்ரொடெக்ட்' என்ற வரியில் சான்று பெற்ற சாதனம் என்று இருக்க வேண்டும். இல்லை என்றால் பல வங்கி ஆப்கள் ஓடாது, ஓடினாலும் நம்பக்கூடாது. கஸ்டம் ரோம் (கம்பெனி அல்லாதவர்கள் உருவாக்கிய மென்பொருள்) போடுகிற எல்லாரும் கெட்டவர்கள் அல்ல, கம்பெனி கைவிட்ட போனுக்கு அதனால் உயிர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தன் போனில் தானே போட்டுக்கொண்டால் சரி. யாரோ போட்டதை வாங்குவதில் உள்ளே இருப்பது என்ன என்று உறுதி சொல்ல வழியில்லை என்பதுதான் சிக்கல்.

மாற்றிய டிஸ்ப்ளே வழியாகவே வேவு பார்க்க முடியும் என்று 2017இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அது ஆய்வக வித்தை. நம் ஊர்க் கடையில் மாட்டும் காப்பி காம்போவுக்கு (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த போலிப் பாகத்துக்கு) அவ்வளவு திறமை கிடையாது. காப்பி டிஸ்ப்ளேயின் உண்மையான ஆபத்து வேறு. திரைக்கு அடியில் கைரேகை பார்க்கும் போன்களில் ஓஎல்இடிக்குப் பதில் மலிவான எல்சிடி காம்போ போட்டால் கைரேகை வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் பின் அடிக்கச் சலித்துப்போய் லாக்கையே எடுத்துவிடுவார்கள், இல்லை 1234 வைப்பார்கள். அந்த போன் எஸ்டேட் பஸ்ஸில் தவறினால் யுபிஐ வரைக்கும் ஒரே எட்டு. அதனால் கைரேகையைப் பதிந்து, பத்து முறை திறந்து பாருங்கள்.

மென்பொருள் அப்டேட் தேதியைப் பலர் பார்ப்பதே இல்லை. அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் பகுதியில் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, அப்டேட் தேடினாலும் 'எல்லாம் புதுப்பிக்கப்பட்டுள்ளது' என்று சொன்னால், கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டு என்று சொன்னார்கள். அந்த ஏழு ஆண்டும் மாடல் வெளியான நாளில் இருந்து கணக்கு, நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. ஐபோன் 8, எக்ஸ் இரண்டும் ஐஓஎஸ் 16ஓடு நின்றுவிட்டன. எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஐஓஎஸ் 26க்குப் போகவில்லை. அப்டேட் நின்ற போனைப் பாட்டு, படம், பிள்ளைகளின் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பசுந்தேயிலைப் பணம் வந்து விழுகிற கணக்கை அதில் வைக்காதீர்கள்.

நம் ஊர்க் குளிரும் ஈரமும் பற்றிச் சுருக்கமாக. சிம் ட்ரேயை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் ஒரு சின்ன வெள்ளைப் பட்டை தெரியும். சிவந்திருந்தால் தண்ணீர் புகுந்த போன். தேவாலா, பந்தலூர் மழையில் பழகிய போன்களின் சார்ஜிங் பின் பச்சை பூத்திருப்பதும் சாதாரணம். ஒருமுறை பிரித்து ஒட்டிய போனில் தண்ணீர் புகாத தன்மை போனது போனதுதான், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும். பழைய பேட்டரி உதகையின் டிசம்பர், ஜனவரி காலையில் முப்பது சதவீதத்திலேயே அணைந்துபோகும், குளிரில் அதன் உள்தடை கூடி வோல்டேஜ் சரிவதால். உறைபனிக் குளிரில் சில்லிட்ட போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், அது நாளடைவில் ஷார்ட் ஆகலாம். போனைக் கண்ணாடி மேல் மல்லாக்கப் படுக்கவைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுழன்றால் பேட்டரி உப்பியிருக்கலாம்.

வாங்கிய பிறகு வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மை முதல் நாளே போடாதீர்கள். யுபிஐ ஆப் உங்கள் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனைக் கணக்கோடு கட்டுகிறது. எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும் அனுப்பவும் கெட்ட மென்பொருளுக்கு வழி இருந்தால் மற்றது எல்லாம் எளிது. வங்கியோடு தொடர்பில்லாத சிம்மைப் போட்டு, எல்லா அப்டேட்டும் ஏற்றி, சில நாள் ஓட்டுங்கள். டிவைஸ் அட்மின், ஆக்சஸிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ், விபிஎன், யூசர் சர்ட்டிஃபிகேட் ஆகிய ஐந்து இடங்களைத் திறந்து பாருங்கள். ரீசெட் ஆன போனில் இவற்றில் நீங்கள் போடாத பெயர் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் அதை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். ரீசெட்டைத் தாண்டி வந்திருக்கிறது என்றால் மூலம் ஃபர்ம்வேரில். போனைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது கம்பெனி சர்வீஸ் சென்டரில் அசல் மென்பொருளை ஏற்றச் சொல்லுங்கள்.

விற்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மெமரி கார்டை எடுங்கள், இ-சிம்மை அழியுங்கள், அக்கவுண்டுகளை நீக்கி ரீசெட் செய்யுங்கள். இப்போதைய போன்களில் தகவல் என்கிரிப்ட் ஆகி இருப்பதால் ரீசெட்டில் சாவி அழிந்து, போட்டோ திரும்ப வராது. பத்து வருடம் பழைய ஆண்ட்ராய்டு 4 போன்களில் அப்படி இல்லை. அவற்றை விற்காமல் இருப்பதே மேல். 'பழைய செல்போனுக்கு பிளாஸ்டிக் குடம்' என்று ஒலிபெருக்கியில் கேட்டு வருபவரிடம் டெட் போனைப் போடாதீர்கள். ஆன் ஆகாத போனில் நீங்கள் எதையும் அழித்திருக்க முடியாது; பவர் ஐசியை (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பை) மாற்றினால் அது எழுந்துவிடும். உங்கள் பெயரில் பில் ஆன ஐஎம்இஐ, யார் கையில் எதற்குப் பயன்படுகிறது என்றும் தெரியாது.

இரு தரப்புக்கும் காப்பு ஒரு ரசீதுதான். வெள்ளைத் தாள் போதும். மாடல், நிறம், இரண்டு ஐஎம்இஐ, தேதியும் நேரமும், விலை, இருவர் கையெழுத்து, செல் நம்பர். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதார் போதுமானது. இரண்டு பிரதி எழுதி ஆளுக்கு ஒன்று. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்பினால் பரிவர்த்தனை எண்ணே சாட்சி. ஐஎம்இஐ எழுதாத கடை பில் போனுக்கான பில்லே அல்ல.

பழைய போன் வாங்கி விற்கிற கடைகள், விற்குமுன் ஐஎம்இஐயை மத்தியப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகளில் 2025இல் திருத்தம் வந்திருக்கிறது. மலையில் எத்தனை கவுண்டரில் இதைச் செய்கிறார்கள்? மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் செய்யக்கூடியது பெரிதில்லை: உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூரில் செகண்ட்ஸ் விற்கும் ஒவ்வொரு கடையிலும் 14422 சோதனையை வாடிக்கையாளர் முன்னால் செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை; வாங்கிய போன்களின் ஐஎம்இஐ பதிவேடு; சீசன் மாதங்களில் அந்தப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கும் ஆய்வு. சீசன் நேரத்தில் பூங்கா, படகு இல்ல வாசல்களிலேயே காணாமல் போன போனுக்குப் புகார் வாங்கி, அங்கேயே முடக்கக் கோரிக்கை பதிய ஒரு மேசை போட்டால், மேலே சொன்ன அந்த நாட்கணக்கு இடைவெளி மணிக்கணக்காகச் சுருங்கும். தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமில் இருந்து வந்திருக்கும் தொழிலாளர்களும் இதே போன்களைத்தான் வாங்குகிறார்கள். பலகையில் இந்தியிலும் இரண்டு வரி இருக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே *#06# போட்டு, 14422க்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். பிளாக்லிஸ்ட் என்று வந்தால் வேறொருவர் தலையில் கட்டவோ, காட்டில் எறியவோ, எண்ணை மாற்றவோ வேண்டாம். சிம்மை எடுத்துவிட்டு, போனையும் ரசீதையும் கொண்டுபோய் அருகிலுள்ள காவல் நிலையத்தில், எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த போன் வழியாக வங்கிப் பணமும் போயிருந்தால் ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க அதுதான் வழி. ரசீது இல்லாதவர்கள் யுபிஐ பரிவர்த்தனை விவரத்தையோ, விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலையோ அழிக்காமல் வைத்திருந்து காட்டலாம்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுபார்ப்போர் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.